எடை குறைந்த பேஸ்பால் கிளவுஸ்: உட்கள வீரர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மதுரையில் பேஸ்பால் ஆட வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிரிக்கெட்டிலிருந்தோ பள்ளி சாஃப்ட்பால் அணியிலிருந்தோ வருபவர்கள். வெறுங்கையால் பந்து பிடித்துப் பழகியவருக்கு, அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு தோல் பொருளை ஒரு கையில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்வது முதல் வாரத்திலேயே தோளை இழுக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கிளவுஸ் வாங்க யோசனை கேட்கும் பெற்றோர் எடுத்த எடுப்பிலேயே “லேசானதாகச் சொல்லுங்கள்” என்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் கிளவுஸின் எந்தப் பகுதி லேசாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதுகுப் பக்கத்தில் எடை குறைந்தால் ஆட்டத்துக்கு ஆதாயம். உள்ளங்கைப் பக்கத்தில் குறைந்தால், மிச்சமான ஒவ்வொரு கிராமும் சுட்டுவிரலின் அடியில் வலியாக வந்து சேரும்.

பேஸ்களை ஒட்டி நின்று பந்தைத் தடுக்கும் உட்கள வீரருக்கு எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தொலைவு 90 அடி, அதாவது 27.43 மீட்டர். அமெரிக்க மேஜர் லீகில் பந்தை அடித்தவர் முதல் பேஸைத் தொட ஏறத்தாழ நான்கரை வினாடிதான் எடுத்துக்கொள்கிறார். அதற்குள் ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர் தரையோடு வரும் பந்தை எட்டிப் பிடித்து, கிளவுஸிலிருந்து எறியும் கைக்கு மாற்றி, முதல் பேஸுக்கு எறிந்து முடிக்க வேண்டும். வெளிக்கள வீரருக்குப் பந்தைத் தேடி ஓட நேரம் உண்டு. பெரிய, ஆழமான கிளவுஸ் அவருக்குப் பொருந்தும். உட்கள வீரருக்கோ கிளவுஸ் என்பது பந்து ஒரு நொடி தங்கிப் போகும் இடம் மட்டுமே. அது சிறியதாகவும் ஆழம் குறைந்ததாகவும் இருந்தால்தான், கண்ணால் பார்க்காமலே பந்தின் தையலைத் துழாவி எடுக்க முடியும்.

எடையை முடிவு செய்யும் முதல் காரணம் அளவு. கிளவுஸின் அளவை சுட்டுவிரல் நுனியிலிருந்து உள்ளங்கைப் பள்ளம் வழியாக அடிப்பகுதி வரை நாடா வைத்து அங்குலத்தில் சொல்வார்கள். பெரியவர்களுக்கு இரண்டாம் பேஸில் 11 முதல் 11.5 அங்குலமும், ஷார்ட்ஸ்டாப்பில் 11.25 முதல் 11.75 அங்குலமும், பந்து மிக வேகமாக வந்து விழும் மூன்றாம் பேஸில் 11.75 முதல் 12 அங்குலமும் வழக்கம். எந்த இடத்தில் ஆடப் போகிறோம் என்று இன்னும் தெரியாதவர் 11.5 அங்குலத்தை எடுத்தால் பெரிதாகத் தவறாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 10.5 முதல் 11.25 அங்குலம் போதும். வளர்ந்த பிறகும் ஆகும் என்று கணக்குப் போட்டு, தீபாவளிச் சட்டை வாங்குவதுபோல் ஓர் அளவு பெரிதாக வாங்குவது இந்தப் பொருளில் மட்டும் செல்லாது. விரல் நுனி வரை எட்டாத கிளவுஸை மூட முடியாது. மூடாத கிளவுஸிலிருந்து பந்து வெளியே வந்துவிடும். முதல் பேஸ் வீரரும், அடிப்பவருக்குப் பின்னால் அமரும் கேட்சரும் அணிவது மிட் எனப்படும் வேறு வகை என்பதால் அவை இந்தக் கணக்கில் சேரா.

பள்ளியிலிருந்து கிடைத்த சாஃப்ட்பால் கிளவுஸையே பேஸ்பாலுக்கும் பயன்படுத்தலாமா என்ற கேள்வி நம் ஊரில் அடிக்கடி எழுகிறது. சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலின் சுற்றளவு 9 முதல் 9.25 அங்குலம். பெரிய பந்துக்காக ஆழமாகவும் அகலமாகவும் தைக்கப்பட்ட கிளவுஸ் பெரும்பாலும் எடை கூடியதாகவே இருக்கும். அதோடு சிறிய பந்து அதன் பள்ளத்தின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பழகும் நாட்களுக்கு அதை வைத்துச் சமாளிக்கலாம். உட்கள வீரராக நிலைத்து ஆட வேண்டுமென்றால் தனியாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

இனி தோல். கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இதில்தான் அதிகம். முழுக்க ஸ்டீர்ஹைட் எனப்படும் தடித்த மாட்டுத்தோலால் செய்த 11.5 அங்குல கிளவுஸ் ஏறத்தாழ 550 முதல் 620 கிராம் வரை இருக்கும். உழைப்பில் அதற்கு நிகரில்லை. ஆனால் வாங்கிய புதிதில் பலகைபோல் விறைத்து நிற்கும். அடுத்தது கிப் எனப்படும் இளம் மாட்டின் தோல். இழை நெருக்கமாக இருப்பதால் மெல்லியதாக இருந்தும் வடிவம் குலையாது, எடையும் சற்றுக் குறையும், விலை மட்டும் கூடும். மூன்றாவதாக, உள்ளங்கைப் பக்கம் முழுத் தோலும் முதுகுப் பக்கம் வலைத்துணியோ செயற்கைப் பொருளோ வைத்துத் தைத்த வகை. வில்சன் நிறுவனம் சூப்பர்ஸ்கின் என்ற பெயரில் சில கிளவுஸ்களுக்குப் பயன்படுத்தும் செயற்கைப் பொருள் இந்த நோக்கத்தில் வந்ததுதான்: பந்து படாத இடத்தில் கனத்தைக் குறைப்பது, வியர்வையை உறிஞ்சாமல் இருப்பது. சித்திரையில் வைகைக்கரைக் காற்றே அனலாக வீசும் ஊருக்கு இந்த மூன்றாம் வகை மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. முதுகு வழியாகக் காற்று புகுவதால் உள்ளே ஊறும் வியர்வை குறைகிறது. ஊறிய தோல்தான் மாலைக்குள் கனத்துப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நான்காவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. முழுவதும் ரெக்சின் போன்ற செயற்கைத் தோலால் செய்த மலிவு கிளவுஸ் கையில் எடுத்தவுடன் மயக்கும் அளவுக்கு லேசாக இருக்கும். அண்ணன் மகனுக்கு நானே அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரத்தில் உள்ளங்கைப் பூச்சு செதில் செதிலாக உரிந்தது. அதற்கு முன்பே, பந்து பிடிக்கும்போதெல்லாம் அவன் முகம் சுளிக்கத் தொடங்கியிருந்தான். பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் பத்தடி தள்ளி விழுந்து எகிறி வரும் பந்தின் அடியைத் தாங்க உள்ளங்கையில் இரண்டு அடுக்காவது வேண்டும். கடையில் கிளவுஸை மாட்டிக்கொண்டு, மறு கையின் முட்டியால் சுட்டுவிரலின் அடிப்பகுதியில் நான்கைந்து முறை ஓங்கிக் குத்திப் பாருங்கள். எலும்பில் உறைத்தால் அது எவ்வளவு லேசாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடலாம்.

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இணைக்கும் வெப் பகுதியில் ஆங்கில ஐ எழுத்து வடிவில் வார் பின்னியது உட்கள வீரர்களுக்கு உகந்தது. விரல்களுக்கு நடுவே இப்படி ஒரு பின்னலைக் கொண்ட கிளவுஸ் 1920 வாக்கில்தான் ராலிங்ஸ் நிறுவனம் வழியே சந்தைக்கு வந்தது. யோசனை சொன்னவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பந்தெறியாளர் பில் டோக். திறந்த பின்னலில் தோல் குறைவு, ஆகவே எடையும் குறைவு. அதைவிட, புல் இல்லாத நம் மைதானங்களில் பந்தோடு சேர்ந்து அள்ளப்படும் மண்ணும் பொடிக்கல்லும் அந்த இடைவெளி வழியே கீழே கொட்டிவிடும். பந்தை எடுக்கப் போகும் விரலில் மண் சிக்காது. மூடிய பின்னல், பிடியை மறைத்துக்கொள்ள விரும்பும் பந்தெறியாளர்களுக்கு உரியது.

தராசு காட்டும் எடை வேறு, கை உணரும் எடை வேறு. ஒரே எடையுள்ள இரண்டு கிளவுஸ்களில் விரல் நுனிப்பக்கம் கனத்தது கையைக் கீழே இழுக்கும். மணிக்கட்டுப் பக்கம் கனத்தது ஏறக்குறைய இருப்பதே தெரியாது. நுனியில் கட்டிய கல் தடியை எவ்வளவு கனக்கச் செய்கிறதோ அதே கணக்கு. சோதிப்பது எளிது: கிளவுஸை மாட்டி, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி கையை முன்னால் நீட்டி, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். நுனி தாழத் தொடங்கினால் அந்தக் கிளவுஸ் உங்களுக்குக் கனம். பிறகு தரைப்பந்து பிடிக்கும் நிலையில் குனிந்து, வலமும் இடமுமாகப் பத்துத் தடவை அசையுங்கள். கை திரும்பியபின் கிளவுஸ் தாமதமாகத் திரும்பினால், உள்ளே இடம் அதிகம் என்று பொருள். தொளதொளத்த கிளவுஸ் எப்போதும் எடை கூடியதாகவே தோன்றும். மணிக்கட்டு வாரை இறுக்கினாலே பல பேரின் குறை தீர்ந்துவிடுகிறது. சிறு கை உள்ளவர்கள் வார் இழுத்து முடியும் வகையையோ ஒட்டுப்பட்டை வகையையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

எண் தெரிந்தாக வேண்டும் என்பவர்கள் பூக்கடையை நாடலாம். மல்லிகையைக் கிராம் பிசகாமல் நிறுக்கும் மின்னணுத் தராசு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மட்டுமன்றி வீதிக்கு வீதி இருக்கிறது. கிளவுஸைக் கொண்டுபோய் வைத்தால் பூக்காரம்மா சிரித்துக்கொண்டே எடை சொல்வார். கூரியரில் வரவழைத்த கிளவுஸின் எடை விளம்பரத்தில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. நம் ஊர் விளையாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிரிக்கெட் பொருட்களே அடுக்கியிருப்பதால், பலரும் மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோ வருவதையோ, இணையத்தில் வெளிநாட்டுச் சரக்கையோதான் வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி வாங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: கிளவுஸ் எறியாத கையில் அணிவது. வலக்கையால் எறிபவர் இடக்கையில் மாட்டுவார். ஆனால் பெட்டியின் மேல் வலக்கை என்று அச்சிட்டிருந்தால், அது எறியும் கையைக் குறிக்கிறதா, அணியும் கையைக் குறிக்கிறதா என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும். பணம் கட்டுமுன் படத்தில் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேசாக வாங்கியதை நாமே கனமாக்கிவிடும் வழி எண்ணெய். புதுத் தோல் மசிய வேண்டுமென்று தேங்காயெண்ணெயைக் குழைத்துப் பூசுவதை இங்கே பல வீடுகளில் பார்க்கிறேன். தோல் அதை அப்படியே குடித்துக் கனக்கும். நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். எண்ணெயில் ஊறிய உட்திணிப்பு தளர்ந்து கிளவுஸ் வாழையிலை வாடியதுபோல் தொங்கிப்போகும். கிளவுஸுக்கென்று விற்கும் களிம்பை விரல் நுனியில் தொட்டு, துணியால் மெல்லிய பூச்சாகத் தடவினால் சில மாதங்களுக்குப் போதும். மசிய வைப்பதற்கு நல்ல வழி தினமும் அரை மணி நேரம் எறிந்து பிடிப்பதுதான். அவசரமென்றால் பள்ளத்தில் பந்தை வைத்து மரச்சுத்தியலால் தட்டலாம். வெந்நீரில் முக்குவதும் அடுப்பருகே வைப்பதும் தோலின் ஆயுளைக் குறைக்கும். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் பூட்டி வைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

வியர்வை அதிகம் உள்ளவர்கள் உள்ளே மெல்லிய பேட்டிங் கிளவுஸ் ஒன்றை அணிந்துகொண்டால் அதைத் துவைத்துக்கொள்ளலாம். தோல் காய்ந்தபடியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி, பள்ளத்தில் ஒரு பந்தை வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வார் தளர்ந்தாலோ அறுந்தாலோ கிளவுஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. செருப்புத் தைப்பவரிடம் பழைய வார் ஓடிய வழியைப் படமெடுத்துக் காட்டி, அதே அகலமுள்ள பச்சைத்தோல் வாரைக் கோக்கச் சொல்லுங்கள். நைலான் கயிறு போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தோல் துளைகளை அறுத்துப் பெரிதாக்கிவிடும்.