ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

ஐஸ் ஹாக்கியை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லையைக் கண்ணால் துரத்தியே களைத்துப்போவார்கள். அதை விட்டுவிட்டுக் களத்தின் கோடுகளைக் கவனித்தால் ஆட்டம் விரைவில் பிடிபடும்.

முதலில், பக் ஏன் உருண்டையாக இல்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். கனடாவின் உறைந்த நீர்நிலைகளில் விருப்பம்போல் ஆடப்பட்டுவந்த இவ்விளையாட்டை, ஹாலிஃபாக்ஸில் பிறந்த ஜேம்ஸ் கிரெய்ட்டன் என்பவர் 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியாலின் விக்டோரியா அரங்கில், அணிக்கு 9 பேருடன் நடத்திக் காட்டினார். கூரையின்கீழ் பந்து எகிறினால் பார்வையாளர்களுக்கு அடிபடும் என்பதால், அன்று வட்டமான மரத்துண்டு ஒன்றையே பயன்படுத்தினார்கள். இன்றைய ரப்பர் பக் 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் கொண்டது. துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக ஆட்டத்துக்கு முன் அதையும் உறைய வைக்கிறார்கள்.

அடுத்து, களத்தைப் பாருங்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) போட்டிகளில் அது 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. நடுவே ஒரு சிவப்புக் கோடும் அதன் இருபுறமும் இரண்டு நீலக் கோடுகளும் உள்ளன. சுற்றுச்சுவரில் பட்டுத் திரும்பும் பக்கை அப்படியே ஆடலாம். கோலுக்குப் பின்னால் சென்றும் ஆடலாம்.

மூன்றாவதாக, ஆட்களை எண்ணுங்கள். கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாளர்கள் இருவர், முன்னணியினர் மூவர் என அணிக்கு 6 பேர். தலா 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தில், முழுவேகத்தில் சறுக்கும் ஒருவர் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடுவார் என்பதால், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொள்வார்கள்.

இனி, கடினமான இரண்டு விதிகள். தாக்கும் அணியில் எவரும் பக்குக்கு முன்னதாக எதிரணியின் நீலக் கோட்டைக் கடந்து நுழையக் கூடாது. நுழைந்து ஆடினால் ஆஃப்சைடு. நடுக்கோட்டைத் தாண்டாமலேயே அடித்த பக், யார்மீதும் படாமல் எதிரணியின் கோல் கோட்டை, அதாவது கோல் அமைந்துள்ள கடைசிக் கோட்டை, கடந்தால் அது ஐசிங். ஆட்டம் அடித்தவரின் பகுதியிலேயே மீண்டும் தொடங்கும். என் அனுபவத்தில், ஆஃப்சைடு புரிந்தவருக்குப் பாதி ஆட்டம் புரிந்ததுபோலத்தான்.

இறுதியாக, தண்டனை. மட்டையால் காலை இடறுவது போன்ற சிறு குற்றத்துக்கு 2 நிமிடம் வெளியே அமர வேண்டும். அப்போது ஆள் கூடுதலாக உள்ள அணிக்குக் கிடைப்பதே பவர் பிளே. அவ்வணி கோல் அடித்துவிட்டால் வெளியே இருப்பவர் உடனே திரும்பலாம். ஆள் குறைந்த அணிக்கு என்.எச்.எல்.லில் ஐசிங் விதி பொருந்தாது. ஆகவே அவர்கள் பக்கை மறுமுனைக்கு ஓங்கி அடித்து, எதிரணி அதை எடுத்துவரும் நேரத்தில் ஆட்களை மாற்றிக்கொள்வதைக் காணலாம்.