கொல்லைக்குப் பறவைகள் வராமல் போவது எதனால்?

"தீனிப்பெட்டி மாட்டி இரண்டு வாரமாச்சு, ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கலை" என்று அலுத்துக்கொள்பவர்கள் இப்போது நிறையப் பேர். விசாரித்துப் பார்த்தால், இணையக் கடையில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் குப்பியில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் குப்பி ஹம்மிங்பேர்டு என்ற பறவைக்காக அமெரிக்காவில் செய்தது. அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி உலகில் வேறெங்கும் கிடையாது. நம் ஊரில் இருப்பது தேன்சிட்டு. பார்க்கக் கொஞ்சம் ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. நம்முடையது பெரும்பாலும் காம்பையோ கிளையையோ பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும். முருங்கை பூத்துக் குலுங்குகிற தெருவில் அது குப்பியைத் தேடி வரவேண்டிய அவசியமே இல்லை. போதாக்குறைக்கு, நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும்.

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்தில் பூச்சி இல்லை, பழம் இல்லை. அங்கே தீனிப்பெட்டி பறவைக்குப் பெரிய உதவி. தமிழ்நாட்டில் அப்படியொரு பஞ்சகாலம் கிடையாது. அந்த ஊர்க் காணொளிகளைப் பார்த்து நாம் அப்படியே செய்வதுதான் பாதித் தவறுகளுக்கு வேர். இங்கே பறவை தேடுவது தண்ணீர், பூச்சி, ஒளிந்துகொள்ள ஒரு புதர். இந்த மூன்றையும் நாமே கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிவிட்டு, பிறகு காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறோம்.

பளிச்சென்று பெருக்கிய தோட்டம்

தவிட்டுக்குருவிகள் மேய்வதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆறேழு சேர்ந்து வரும். சருகுக்குள் அலகை விட்டு ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் போடும். புரட்டிய இலைக்கு அடியில் கறையானோ, கரப்பான் குஞ்சோ, புழுவோ இருந்தால் கொத்திக்கொண்டு அடுத்த இலைக்குப் போகும். ஒன்று மட்டும் மேயாமல் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்து காவல் பார்க்கும். பூனை தெரிந்ததும் அது கத்த, மொத்தக் கூட்டமும் கச்சகச்சவென்று சண்டைக்கு நிற்கும். இத்தனைக்கும் மேடை அந்தச் சருகுதான். தினமும் காலையில் அதைக் கூட்டிக் கொளுத்துகிற வீட்டில் தவிட்டுக்குருவிக்கு என்ன வேலை? மரத்தடியில் ஒரு மூலையை மட்டும் பெருக்காமல் விட்டால் போதும். முற்றம் முழுக்கக் குப்பையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாம்பு பயம் உள்ள இடத்தில் வாசலையும் நடைபாதையையும் சுத்தமாக வைத்துக்கொண்டு, வேலியோரத்தில் சருகை விடலாம்.

ஒட்டடையும் அப்படித்தான். ஊதாப்பிட்டு தேன்சிட்டு கூடு கட்டுவது சிலந்தி நூலால். நாரையும் பட்டைத் துணுக்கையும் அந்த நூலால் ஒட்டவைத்து, ஏதோ குப்பை தொங்குகிறது என்று நாமே கடந்துபோகும்படி ஒரு பை கட்டும். வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு தாழ்வாரம் வேறு. துணி காயப்போடும் கொடியில்கூடக் கட்டிவிடும். தையல்சிட்டு இலைகளை இணைத்துத் தைப்பதற்கும் பஞ்சோடு சிலந்தி நூல் வேண்டும். வீட்டுக்குள் ஒட்டடை அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மதில் இடுக்கிலும் செடிகளுக்கு நடுவிலும் இருப்பதை விட்டுவிடுங்கள்.

பூச்சிமருந்து இதைவிடப் பெரிய தவறு. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான், ஆனால் குஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் பூச்சி, புழு. தேன் குடிக்கிற தேன்சிட்டும் குஞ்சுக்குச் சிலந்தியைத்தான் பிடித்து வரும். மருந்தடித்த தோட்டத்தில் பெரிய பறவை பிழைத்துக்கொள்ளும், குஞ்சுதான் பட்டினி கிடக்கும். முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பியதும் தீப்பந்தம் எடுப்பது நம் வழக்கம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதில் நியாயம் உண்டு. ஆனால் கொல்லைக் கோடியில் நிற்கும் மரத்தைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம். மற்றப் பறவைகள் தொடத் தயங்கும் அந்த மயிர்ப்புழுவை சுடலைக்குயில் விரும்பித் தின்னும். எலிக்கு வைக்கும் விஷமும் எலியோடு நிற்பதில்லை. விஷம் தின்று தள்ளாடும் எலி கூகைக்குச் சுலபமான இரை. இரவெல்லாம் எலி பிடிக்கிற பறவையை நாமே கொன்றுவிட்டு, எலி பெருகிவிட்டது என்று இன்னும் விஷம் வாங்குவோம்.

தண்ணீரில் செய்யும் தவறுகள்

தீனியைவிடத் தண்ணீருக்கு வருகிற பறவைகள் அதிகம். பழந்தின்னி, பூச்சிதின்னி, தேன்குடிப்பது என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். அதையும் பலர் எவர்சில்வர் கிண்ணத்தில் நிறைய ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைக்கிறார்கள். நண்பகலில் அந்தக் கிண்ணத்தை நாமே கையால் தொட முடியாது. பக்கம் செங்குத்தாக, அடி வழுக்கலாக இருந்தால் சின்னப் பறவை இறங்கவே பயப்படும். மண் தட்டுதான் சரி. ஓரத்தில் ஆழமே இல்லாமல், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். உள்ளே ஒரு கரடுமுரடான கல்லைப் போட்டால் தேன்சிட்டுகூட அதில் உட்கார்ந்து குடிக்கும். நிழலில் வையுங்கள்.

புதருக்கு அடியிலேயே ஒட்டி வைப்பது இன்னொரு தவறு. அந்தப் புதரில்தான் பூனை பதுங்கும். குளித்து நனைந்த இறக்கையோடு பறவையால் சட்டென்று எழும்ப முடியாது. ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் பூனை வருவதைப் பார்க்கவும் நேரம் கிடைக்கும், பறந்து ஒளியக் கிளையும் பக்கத்தில் இருக்கும்.

தண்ணீர் வைத்தால் டெங்கு வரும் என்ற அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் அது வளர வழியில்லை. ஆனால் முட்டைகள் பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம். ஊருக்குப் போகும்போது தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

தட்டில் எதை வைப்பது

மீந்துபோன முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம். அதிக உப்பைச் சின்னப் பறவையின் உடம்பு தாங்காது. பாலும் செரிக்காது. காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தில் தப்பில்லை, உப்பில்லாத ஒரு பிடி வெறுஞ்சோறு, வைத்த உடனே காலியாகிவிடும். மீந்த சோற்றையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டும்போதுதான் சிக்கல். காகம் கூட்டமாகச் சேர்ந்தால் பக்கத்துச் செடியில் இருக்கும் கொண்டைக்குருவியின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. சிதறியதைத் தின்ன ராத்திரி எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

தானியம்தான் வைப்பேன் என்றால் கம்பு, தினை, சாமை வைக்கலாம். காலையில் ஒரு கையளவு, சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகிற மாதிரி. நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடுகிற பழைய வழக்கம் இதையெல்லாம்விட நல்லது. தொங்குகிற கதிரைச் சிட்டுக்குருவியும் சில்லையும் பற்றிக்கொண்டு தின்னும், கனத்த புறாவால் முடியாது. மழையில் நனைந்த தானியத்தையும் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையையும் தயங்காமல் தூக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

புறாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடுக்குமாடிகளில் மூட்டை மூட்டையாகச் சோளம் இறைப்பதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். பாறை முகடுகளில் கூடு வைத்துப் பழகிய மாடப்புறாவுக்கு நம் கட்டடங்களே பாறை முகடு. கூடவே ஓசித் தீனியும் கிடைத்தால் வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். அதன் காய்ந்த எச்சத் தூசியையும் இறகுத் தூசியையும் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரலாம். மும்பையில் 2025இல் புறாத் தீனி போடும் பொது இடங்களை மூட மாநகராட்சி இறங்கியதும், அதையொட்டிப் பெரிய தகராறு நடந்ததும் செய்திகளில் வந்தன. என் கட்சி, புறாவுக்குத் தீனி போட வேண்டாம் என்பதே.

தட்டில் வைப்பதைவிட நட்டு வைப்பது மேல். கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டே இருக்காமல் ஒரு கிளையைப் பழுக்க விட்டால் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தால் கிளி வரும். இட்லிப்பூ, செம்பருத்தி, முருங்கை மூன்றும் தேன்சிட்டுக்கு. இடம் பெரிதாக இருந்தால் அத்தி வைக்கலாம், குக்குறுவான்கள் தேடி வரும்.

கண்ணாடி

கொண்டைக்குருவியோ வண்ணாத்திக்குருவியோ விடிந்ததும் ஜன்னலை வந்து தட்டுகிறது, சகுனமா என்று கேட்பார்கள். சகுனம் இல்லை. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எல்லைக்குள் நுழைந்த எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. உள்ளே திரை போட்டால் பலன் இல்லை. வெளிப்பக்கம் ஒரு துணியையோ காகிதத்தையோ ஒட்ட வேண்டும். காரின் பக்கக் கண்ணாடிக்கு ஒரு பை மாட்டினால் சரி. வானத்தையும் மரத்தையும் காட்டும் பெரிய கண்ணாடியில் பறவை மோதிச் சாவதைத் தடுக்க, வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும். ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும்.

கூடும் குஞ்சும்

கூடு வைக்கும் பெட்டி வாங்கும் முன் எந்தப் பறவைக்கு என்று யோசியுங்கள். மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு வைக்கும் சிட்டுக்குருவி, மைனா, வண்ணாத்திக்குருவி போன்றவைதான் பெட்டிக்குள் வரும். தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் ஒருநாளும் வராது. சிட்டுக்குருவிக்கு வாசல் 32 மில்லிமீட்டர் போதும். பெரிதாக இருந்தால் மைனாவோ அணிலோ பிடித்துக்கொள்ளும். வாசலுக்குக் கீழே அழகுக்கு ஒரு குச்சி செருகியிருப்பார்கள். அது குருவிக்குத் தேவையில்லை, கூட்டைக் கொள்ளையடிக்க வருபவருக்குத்தான் வசதி. பிடுங்கி எறியுங்கள். உள்ளே பெயின்ட் வேண்டாம், மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம். மின்விசிறி ஓடும் தாழ்வாரத்தில் மாட்டுவது கொலைக்குச் சமம்.

தோட்டக்காரரை வரச்சொல்லிச் செடிகளை வெட்டிவிடும்போதுதான் நிறையக் கூடுகள் போகின்றன. கோடையில் வெட்டும் முன் கிளைகளுக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொண்டைக்குருவி முட்டையிட்டுக் குஞ்சு பறப்பது வரை மொத்தமே ஒரு மாதம்தான். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில், தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. அது குஞ்சு பொரித்துப் போகும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. நம்மால் ஒரு செம்பருத்தியை வெட்டாமல் இருக்க முடியாதா?

கூட்டைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் மணிக்கொரு தரம் போய்ப் படம் எடுப்பதும் தவறு. நாம் எங்கே போய் நிற்கிறோம் என்பதைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். செயலியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டது என்று அது கூட்டை விட்டுவிட்டு அலையும். தவிட்டுக்குருவிக் கூட்டில் வேறு மாதிரி ஒரு குஞ்சு இருந்தால் அது சுடலைக்குயிலோ அக்காக்குயிலோ வைத்த முட்டையிலிருந்து வந்தது. அதை அப்புறப்படுத்துவது நம் வேலை இல்லை.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தித் தத்திப் போனால் அநாதை என்று அட்டைப்பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பறக்கப் பழகும் குஞ்சுகள் சில நாள் அப்படித்தான் கீழே திரியும்; தாய் பக்கத்துக் கிளையில் இரையோடு காத்திருக்கும். பூனை எட்டாத கிளையில் எடுத்து வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. இறகே முளைக்காத குஞ்சாக இருந்து கூடும் கண்ணில் பட்டால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். எடுத்து வந்து வீட்டிலேயே வளர்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். பச்சைக்கிளி உட்பட நம் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.