வெளியேற ஓட்டுப் போட்ட நாட்டுக்குச் சேலைப் பெட்டி அனுப்புவது எப்படி?

மதுரை விளக்குத்தூண் பக்கம் எங்களுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் துணிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு மாதம் ஒரு பெட்டி போகும். அதில் பாதியை அவர் பாரிசில் லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்கு அனுப்பிவிடுவார். 2016 ஜூன் 24 காலையில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் ஓட்டுப் போட்டுவிட்டது, 51.9-க்கு 48.1 என்று செய்தி வந்ததும், கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துவிட்டேன். வீண் பதற்றம்.

கூட்டுக் குடும்பத்தில் தம்பி "பாகம் பிரிங்க" என்று சொன்ன அன்றே நடுமுற்றத்தில் சுவர் எழும்பிவிடாது. பத்திரம் எழுதிப் பதிவாகவேண்டும். அதுவரை ஒரே வாசல்தான். பிரிட்டன் முறைப்படி கடிதம் கொடுத்ததே 2017 மார்ச் 29-ல். அதிலிருந்து இரண்டு வருடக் கெடு. கெடுவை மூன்று முறை தள்ளிப் போட்டு, 2020 ஜனவரி 31-ல் வெளியேறினார்கள். அப்போதும் சுங்கத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த வருடக் கடைசிவரை இடைக்காலம். சுவர் எழும்பியது 2021 ஜனவரி 1-ல். ஆகவே இனி எந்த நாடு இப்படி வெளியேறினாலும், தொலைக்காட்சிச் சண்டையை விட்டுவிட்டு, இடைக்காலம் முடியும் தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போடுங்கள். சரக்கு தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகிறதென்றால், நீங்கள் ஒப்படைத்த தேதி கணக்கில்லை, அங்கே சுங்கத்தில் இறங்கும் தேதிதான் கணக்கு.

மறுநாளே மாறியது ஒன்றே ஒன்று: பவுண்டின் மதிப்பு. டாலருக்கு எதிராக 1985-க்குப் பிறகு பார்க்காத அளவுக்கு விழுந்தது. நான் விலையைப் பவுண்டில் பேசியிருந்தேன். அந்த மாத லாபம் அதிலேயே போனது. ஓட்டெடுப்பு வருகிறது என்று தெரிந்தாலே விலையை ரூபாயிலோ டாலரிலோ பேசிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். 2020 டிசம்பர் 24-ல், கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால், பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் "வரியில்லா ஒப்பந்தம்" ஆகிவிட்டது என்றார்கள். நானும் அக்காவும் நிம்மதியானோம். பிப்ரவரியில் அவர் பாரிசுக்கு அனுப்பிய பெட்டிக்கு மறுபடி சுங்க வரி, அதன் மேல் 20 சதவீத வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி. முன்பெல்லாம் லண்டனில் ஒருமுறை வரி கட்டிவிட்டால் பாரிஸ் வரை கேள்வியே கிடையாது. புது ஒப்பந்தத்தின் வரிவிலக்கோ பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவான சரக்குக்குத்தான். எங்கள் சேலை மதுரையில் முடிச்சுப் போட்டு, மதுரையில் சாயம் தோய்த்தது. லண்டனில் கட்டிய வரியைப் பாரிசில் யாரும் கழித்துக்கொள்ளவில்லை.

அதனால் பெட்டியை இங்கேயே இரண்டாகப் பிரியுங்கள். லண்டன் சரக்கு லண்டனுக்கு, பாரிஸ் சரக்கு நேராகப் பாரிசுக்கு. வாங்குகிற கடைக்காரரிடம் இஓஆர்ஐ எண்ணை, அதாவது இறக்குமதி செய்கிறவருக்கான சுங்கப் பதிவு எண்ணை, முதலிலேயே கேட்டு வாங்குங்கள். ஜிபி என்று தொடங்கும் பிரிட்டன் எண் பிரான்சில் செல்லாது. அங்கே ஒன்றிய நாடு ஒன்று கொடுத்த எண் வேண்டும். பில்லில் வெறுமனே "துணி" என்று எழுதாதீர்கள்: பருத்திச் சேலை, எத்தனை, எடை, விலை, எச்எஸ் கோடு (சரக்கு வகைக்கான சுங்கக் குறியீட்டு எண்), தயாரான நாடு இந்தியா. வரி யார் தலையில் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கூரியர்காரர் வாசலில் நிற்கும்போதுதான் அந்தச் சண்டை தொடங்கும்.

"கிஃப்ட் என்று போட்டுவிடலாமே" என்பார்கள். வியாபாரச் சரக்குக்கு அது பொய், வேண்டாம்.

வீட்டு வாடிக்கையாளருக்கு ஒற்றைச் சேலை அனுப்பினாலும் கணக்கு உண்டு. 2021-ல் வந்த விதிப்படி, 135 பவுண்டுக்கு மேற்படாத பார்சலுக்குப் பிரிட்டன் வாட்டை விற்கிறவரே வசூலித்துக் கட்டவேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை அதே வருடம் ஜூலை 1-ல் எடுத்துவிட்டது. இந்த வரம்புகள் மாறக்கூடியவை, அனுப்புகிற வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது லண்டன் பெட்டிக்குச் சிவப்புக் கயிறு, பாரிஸ் பெட்டிக்குப் பச்சை. கடைப் பையன் ஒருமுறை மாற்றிக் கட்டிவிட்டான். அதற்கப்புறம் பில்லை நானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை எடுத்துக் கொடுக்கிறேன்.