கையைத் தூக்கும்போது தோளில் என்ன நடக்கிறது? தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்

தோள் என்றதும் பலர் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை (பந்து) தோள்பட்டை எலும்பின் கிண்ணத்தில் உட்காரும் பந்துக் கிண்ண மூட்டை மட்டும்தான் நினைக்கிறார்கள். ஆனால் கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க ஏறக்குறைய 180 பாகை வேண்டும், அதில் 120 பாகை போலத்தான் அந்த மூட்டு தருகிறது, மீதி முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. மனப்பாடம் செய்ய வேண்டாம், தொட்டே பார்த்துவிடலாம். கூட ஒருவர் இருந்தால் வசதி. தோளில் வலியோ, அண்மையில் எலும்பு முறிவோ ஆபரேஷனோ இருந்தால் இப்போது செய்யாதீர்கள்.

1. தொண்டைக்குக் கீழே உள்ள குழியில் விரலை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். புடைப்பாக ஒரு முனை தட்டுப்படும். அது காறை எலும்பு மார்பெலும்போடு சேரும் இடம். விரலை எடுக்காமல் தோளைக் காதுப் பக்கம் உயர்த்தி இறக்கினால் அது அசைவது தெரியும். மொத்தக் கையும் உடம்போடு எலும்பு மூட்டால் சேர்ந்திருப்பது இந்த ஒரே இடத்தில்தான், மற்றதையெல்லாம் தசைகள்தான் தாங்குகின்றன.

2. அப்படியே காறை எலும்பின் மேலேயே விரலை ஓட்டித் தோளின் நுனிக்குப் போங்கள். கெட்டியான தட்டை மேடு, பெயர் அக்ரோமியான். மூட்டுக்கு இதுதான் கூரை, இதன் அடியில் உள்ள குறுகிய இடைவெளியில் சுப்ராஸ்பினாட்டஸ் என்ற தசையின் நாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்ற பகுதி) போகிறது.

3. இதுதான் முக்கியமானது. கூட இருப்பவரின் முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியைத் தேடி, அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். முதல் கொஞ்ச தூரம் நுனி பெரிதாக நகராது. அப்புறம் அக்குள் பக்கம் நன்றாக வெளியே சுழன்று போகும். 1944-இல் இன்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பந்துக் கிண்ண மூட்டின் அசைவையும் தோள்பட்டை எலும்பின் அசைவையும் அளந்து, மூட்டு 2 பங்கு, தோள்பட்டை எலும்பு 1 பங்கு என்று சொன்னார்கள். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும்.

4. கட்டைவிரல் தரையைப் பார்க்கக் கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள். தோள் உயரம் வந்ததும் இறுகும், ஏனென்றால் மேற்கை எலும்பின் புடைப்பு அந்தக் கூரையில் முட்டப் பார்க்கிறது. இப்போது கட்டைவிரலை மேலே திருப்புங்கள், கை சுலபமாக மேலே ஏறிவிடும்.

5. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். கிண்ணம் ஆழமே இல்லாதது, அதில் பந்தை நிறுத்திப் பிடிப்பது ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகள். வெளியே திருப்புவது அவற்றில் பின்பக்கம் உள்ள இரண்டின் வேலை. உங்களாலும் திருப்ப முடியவில்லை, அடுத்தவர் பிடித்துத் திருப்பினாலும் போகவில்லை என்றால் ஃப்ரோஸன் ஷோல்டராக (தோள் மூட்டு இறுகிப்போகும் நிலை) இருக்கலாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. அடுத்தவர் தூக்கினால் கை போகிறது, தானாகத் தூக்க முடியவில்லை என்றால் நாண் கிழிந்திருக்கலாம். எதுவானாலும் எலும்பு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டுங்கள், யாரோ சொன்னார்கள் என்று கையை வெடுக்கென்று இழுத்துவிடக் கொடுக்காதீர்கள்.