தி.நகரில் கைக்குழந்தையோடு: இலவசக் கழிப்பறையும் டயப்பர் மாற்ற இடமும் கண்டுபிடிப்பது எப்படி?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. உஸ்மான் சாலைத் துணிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடியில் மனைவி புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாத மகள் என் தோளில். திடீரென்று சட்டையில் சூடாக ஏதோ பரவியது. கழிப்பறையைக் கேட்டுக்கொண்டு ஓடினேன். உள்ளே தரை முழுக்க ஈரம், பையை மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. குழந்தையை எங்கே படுக்க வைப்பது?

அன்று புரிந்தது: நம்மூரில் கழிப்பறை வேறு, டயப்பர் மாற்றும் இடம் வேறு. பெரிய மால்களை விட்டால் இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

1. முதல் நாள் இரவே மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள்

கூகுள் மேப்ஸில் ‘பப்ளிக் டாய்லெட்’ என்று ஒருமுறை, ‘பொதுக் கழிப்பிடம்’ என்று ஒருமுறை தேடுங்கள். முடிவுகள் ஒன்றுபோலவே இருக்காது. நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டாம். கடைசியாகப் போட்ட படமும் அதன் தேதியும்தான் முக்கியம். பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நாலு வருடத்துக்கு முந்தைய விமர்சனத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

மின்ரயிலில் வந்தால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தள்ளுவண்டியை இறக்க வேண்டாம். மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைமேம்பாலம் இருக்கிறது, லிப்டும் உண்டு. பேருந்து நிலையக் கழிப்பிடத்தையே முதல் நிறுத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

2. பலகையைப் படியுங்கள்

மாநகராட்சிப் பொதுக் கழிப்பிடங்களுக்குக் கட்டணம் கிடையாது. ‘கட்டணக் கழிப்பிடம்’ என்று எழுதியிருந்தால் அது வேறு கணக்கு. இலவச இடத்தில் யாராவது மேசை போட்டுக் காசு கேட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் குழந்தை அழும்போது ஐந்து ரூபாய்க்கு நியாயம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். கொடுத்துவிட்டுப் போங்கள், வெளியே வந்து நிதானமாகப் போன் போடுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.

காரில் வருகிறவர்களுக்கு இன்னொரு வழி, பெட்ரோல் பங்க். காற்று, குடிநீர்போலக் கழிப்பறையும் அங்கே இலவசமாகத் தர வேண்டிய வசதிதான். பூட்டியிருந்தால் பெட்ரோல் போடுகிற தம்பியிடம் சாவி கேளுங்கள்.

3. துணிக்கடையில் கேட்கும் விதம்

தி.நகரின் பெரிய கடைகளில் உள்ளே போகப் பில் கேட்க மாட்டார்கள். கழிப்பறை பெரும்பாலும் மேல்மாடியிலோ அடித்தளத்திலோ ஏதாவது மூலையில் இருக்கும். வாசல் காவலரைவிட அந்தத் தளத்தில் வேலை பார்க்கும் பெண்களைக் கேட்பது நல்லது. தினமும் அவர்கள் போகிற வழி அது.

டயப்பருக்கு மட்டும் ‘கழிப்பறை எங்கே’ என்று கேட்காதீர்கள், கேட்டால் அங்கேதான் அனுப்புவார்கள். நேராகக் குழந்தைகள் உடைப் பிரிவுக்குப் போய், “அக்கா, பாப்பாவுக்கு டிரெஸ் மாத்தணும், கொஞ்சம் இடம் கிடைக்குமா?” என்று கேளுங்கள். அன்று எனக்கு வழி காட்டியவர் அங்கிருந்த ஓர் அக்காதான். உடை போட்டுப் பார்க்கும் அறையைத் திறந்துவிட்டு, “மெதுவா மாத்துங்க சார்” என்று வாசலில் காவலுக்கும் நின்றார். பட்டுப் பிரிவில் விரித்திருக்கும் வெள்ளை மெத்தை கண்ணைப் பறிக்கும். அதில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. பாலூட்டும் அறை

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டிலிருந்து தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. வெளியூரிலிருந்து கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர்கள் அங்கேயே குழந்தையைப் பசியாற்றி, டயப்பரும் மாற்றிக்கொண்டு நகருக்குள் வரலாம். அப்பாக்களுக்கு அனுமதி இல்லை. அது சரிதான், பால் கொடுக்கும் இடத்தில் ஆண்கள் எதற்கு? ஆனால் மால்களிலும் சில இடங்களில் டயப்பர் மேசையைப் பெண்கள் கழிப்பறைக்குள் மட்டும் வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குக் கடுப்பு. டயப்பர் மாற்ற அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று யார் சொன்னது?

5. மேசை இல்லாமல் மாற்றுவது

ஓரளவு காய்ந்த, சமமான இடம் கிடைத்தால் போதும்.

ரப்பர் ஷீட்டை விரித்து, அதன்மேல் பருத்தித் துண்டு போடுங்கள். புது டயப்பரைப் பிரித்துத் தயாராக வைத்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். பழைய டயப்பரை உருவுவதற்கு முன்பே புதியதைக் குழந்தையின் இடுப்புக்கடியில் தள்ளிவிடுங்கள். நடுவில் இன்னொரு முறை போனாலும் தரை தப்பும். ஒரு கை எப்போதும் குழந்தையின் வயிற்றின் மேல் இருக்கட்டும். ஒன்பது மாதத்தில் கண்மூடித் திறப்பதற்குள் புரண்டுவிடும். துடைப்பது முன்னிருந்து பின்னாக, பெண் குழந்தைக்கு இதில் தவறவே கூடாது.

பழையதை இறுக்கிச் சுருட்டி அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். சுற்றிப் போட வேண்டும் என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். தொட்டி கண்ணில் படாவிட்டால் வீடுவரை தூக்கிப்போக ஒரு மூடுபை வேண்டும்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

டயப்பர் நான்கு, ரப்பர் ஷீட், துண்டு, ஈரத் துடைப்பான், காகித சோப்பு, ஒரு பாட்டில் தண்ணீர், பழைய செய்தித்தாள், குழந்தைக்கு இரண்டு மாற்றுடை. அப்புறம் அப்பாவுக்கு ஒரு சட்டை. அன்று நான் ஆட்டோவில் திரும்பியது நாலாவது மாடியில் அவசரமாக வாங்கிய புதுச் சட்டையில். விலைச்சீட்டு வீடுவரை காலரில் ஆடிக்கொண்டே வந்தது.