மழைக்கு முன் மின்வாரியத்திடம் கேட்டுப் பெற வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன், ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில், குடியிருப்போர் நலச் சங்கத்தினரோ ஊர்ப் பெரியவர்களோ நான்கைந்து பேராகச் சேர்ந்து, தங்கள் தெருக்களை ஒரு மாலைப்பொழுதில் அண்ணாந்து பார்த்தபடி நடந்து வர வேண்டும். மின்வாரியம் மழைக்கு முன் மரக்கிளைகளை வெட்டுகிறது, பழுதான கம்பங்களை மாற்றுகிறது, தொய்ந்த கம்பிகளை இழுத்துக் கட்டுகிறது. ஆனால் ஒரு பிரிவு அலுவலகத்தின் கீழ் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்கும்போது, எந்தச் சந்தில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததை உரிய இடத்துக்கு உரிய முறையில் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

நடந்து பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவைதான். சிமென்ட் உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துத் தெரிகிற மின்கம்பம், தாங்கிப் பிடிக்கும் இழுவைக் கம்பி அறுந்துபோனதால் ஒருபக்கம் சாயத் தொடங்கிய கம்பம், இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொட்டிலைப் போலத் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, காற்றடித்தால் கம்பியில் உரசும் தென்னை மட்டை, கதவு இல்லாமல் திறந்து கிடக்கும் மின்விநியோகப் பெட்டி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி, அதாவது வீடுகளுக்கு இணைப்பு தரும் கம்பி, தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்திலும், 11 ஆயிரம் வோல்ட் போன்ற உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு யாரும் கம்பிக்கு அருகில் போகக் கூடாது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரோ நெல் அறுவடை இயந்திரமோ அந்த இடத்தைத் தாராளமாகக் கடந்து போக முடியுமா என்று சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே குறை புரிந்துவிடும்.

குறையைக் கண்டபின் அதைப் பதிவு செய்ய வேண்டும். சென்னை அண்ணா சாலையில் உள்ள தலைமையகத்தில் 2021 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட மின்னகம் என்னும் நுகர்வோர் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அழைப்பதற்கு முன் மின் கட்டண அட்டையையோ ரசீதையோ பார்த்து உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீண்ட எண்ணுக்குள்ளேயே மண்டலம், பிரிவு அலுவலகம் ஆகியவற்றின் குறியீடுகள் அடங்கியிருப்பதால், அதைச் சொன்னால் புகார் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பம் நேராது. குறை உங்கள் வீட்டில் இல்லாமல் தெருவில் இருந்தால், அந்தக் கம்பத்திலோ அருகிலுள்ள மின்மாற்றியிலோ வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம்" என்று சொன்னால் ஊராருக்குப் புரியும். புதிதாக மாற்றலாகி வந்த கம்பியாளருக்குப் புரியாது. பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு, தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண் இல்லாத புகாரைப் பின்னர் யாராலும் தொடர்ந்து கேட்க முடியாது.

கம்பத்தை மாற்றுவது போன்ற பெரிய பணிகளுக்குத் தொலைபேசி அழைப்பு மட்டும் போதாது. பிரிவு அலுவலகத்தின் உதவி மின் பொறியாளருக்கு எழுத்து மூலமான மனு ஒன்றை நிழற்படத்துடன் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்வது நல்லது. பலர் சேர்ந்து கையொப்பமிட்ட மனுவாக இருந்தால் ஒருவருடைய சொந்தக் குறையாக அது பார்க்கப்படாது. அதற்கும் பயன் இல்லையென்றால், கோட்ட அளவில் மாதந்தோறும் மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்கு நேரில் செல்லலாம். அதற்கும் மேலே, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அமைக்கப்பட்ட நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல்முறையீடாக மின்குறைதீர்ப்பாளரும் உள்ளனர். இந்த வழிகள் கட்டணத் தகராறுகளுக்கு மட்டும் உரியவை என்று பலர் எண்ணியிருக்கிறார்கள்; சேவைக் குறைபாட்டையும் அங்கே கொண்டு செல்லலாம்.

தெருவிளக்கைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கையும் அதன் சுவிட்ச் பெட்டியையும் பராமரிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி. ஆகவே விளக்குக் கம்பத்தில் மின்கசிவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் இரு தரப்பிலும் புகார் செய்வதே சரி.

வீட்டுக்குள் வரும்போது பொறுப்பின் எல்லை மாறிவிடுகிறது. மீட்டர் வரைக்கும் மின்வாரியம். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரர். இந்த எல்லைக்கு இப்புறத்தில் மின்வாரியம் செய்யக்கூடியது அறிவுறுத்துவது மட்டுமே. எனவே அது திரும்பத் திரும்ப வலியுறுத்தும் ஒரு கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆர்.சி.டி. அல்லது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பான், செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அதாவது அந்த அளவு மின்சாரம் ஒரு மனித உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ தரைக்குப் போகிறது என்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். சாதாரண ஃபியூஸும், அதற்குப் பதிலாகப் பொருத்தப்படும் தானியங்கிச் சுவிட்சான எம்.சி.பி.யும் இதைச் செய்வதில்லை. அவை பல ஆம்பியர் மிகுதியாகப் பாயும்போதுதான் துண்டிக்கும். ஒருவரது உயிரைப் பறிக்க அதில் மிகச் சிறிய பங்கே போதும். இந்தத் தடுப்பானை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தி, அதன் மீதுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் இணைப்பு துண்டிக்கப்படாவிட்டால் கருவி பழுதென்று பொருள். வீடு கட்டும்போது குளியலறை ஓடுகளுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். இதைத் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குழாயைத் தொட்டால் கை சுருக்கென்கிறது, துவைக்கும் இயந்திரத்தின் உடல் மீது பட்டால் அதிர்கிறது என்றால், செருப்புப் போட்டுக்கொண்டு தொடலாம் என்று பழகிவிடாதீர்கள். முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, நிலஇணைப்பை, அதாவது எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இன்னோர் அறிகுறியும் உண்டு. வீட்டில் சில விளக்குகள் திடீரென்று மிகையாகப் பிரகாசித்து, மின்விசிறி வழக்கத்தை மீறி வேகமெடுத்தால், வெளியே நியூட்ரல் கம்பி, அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி, அறுந்திருக்கக்கூடும். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏற வாய்ப்பு உண்டு. உடனே முதன்மைச் சுவிட்சை அணைத்து, பக்கத்து வீட்டாரையும் அணைக்கச் சொல்லி, அதன் பிறகு மின்னகத்தை அழையுங்கள்.

கம்பி அறுந்து தரையில் கிடந்தால், அதில் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். விளக்குகள் அணைந்துவிட்டன என்பதால் கம்பியும் உயிரற்றுவிட்டது என்று நம்பக் கூடாது. பழுது எங்கே என்று அறிய துணை மின்நிலையத்திலிருந்து மீண்டும் மின்சாரம் செலுத்தப்படலாம். தேங்கிய நீரில் கம்பி கிடந்தால் நீர் முழுவதும் ஆபத்து. குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்று, இருபுறமும் ஆட்களையும் ஆடுமாடுகளையும் தடுத்து நிறுத்தி, தகவல் சொல்லி, மின்வாரிய ஊழியர் வரும் வரை ஒருவராவது அங்கே காவல் நிற்க வேண்டும். ஏற்கெனவே அருகில் வந்துவிட்டவர் கால்களை அகல எடுத்து வைத்து ஓடக் கூடாது. தரையில் மின்னழுத்தம் கம்பியிலிருந்து விலக விலகக் குறைவதால், அகன்று நிற்கும் இரு பாதங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு ஏற்பட்டு உடல் வழியே மின்சாரம் பாயும். பாதங்களைச் சேர்த்துவைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து வெளியேற வேண்டும். யாரேனும் வீட்டு மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் அவரைத் தொடும் முன் சுவிட்சை அணையுங்கள். பின்னர் 108க்குச் சொல்லுங்கள். மூச்சும் நாடித்துடிப்பும் இல்லையென்றால் மார்பழுத்த முதலுதவியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். உயரழுத்தக் கம்பியில் சிக்கியவரை உலர்ந்த கட்டையால்கூட நெருங்கக் கூடாது.

ஊர்த் திருவிழாக்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரோட்டத்தின்போது தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். இத்தகைய நாள்களில் தேர் கடக்கும் நேரத்துக்கு மட்டும் மின்தடை செய்து தருவதும், ஊழியர்களை உடன் அனுப்புவதும் மின்வாரியம் வழக்கமாகச் செய்யும் பணிதான். அதற்கு விழாக் குழுவினர், விழா சிறியதோ பெரியதோ, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே தேரின் அல்லது சப்பரத்தின் முழு உயரம், அதன்மேல் வைக்கும் அலங்காரத்தின் உயரம், செல்லும் தெருக்கள், நேரம் ஆகியவற்றைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடந்த ஆண்டுக்குப் பின் சாலை மேடாக்கப்பட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கம்பி அதே இடத்தில்தான் இருக்கும். சாலை ஓர் அடி உயர்ந்தால் தேரும் ஓர் அடி உயரும். மின்தடை தொடங்கிவிட்டது என்பதைப் பணியிலுள்ள ஊழியரின் வாயிலாக உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே வடம் பிடிக்க வேண்டும். விழாப் பந்தலுக்கும் தொடர்விளக்குகளுக்கும் தற்காலிக இணைப்பு முறைப்படி கிடைக்கும். கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பது சட்டப்படி மின்திருட்டு. அந்த வயரின் கீழேதான் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

மாடி கட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தாழ்வழுத்தக் கம்பி கட்டடத்துக்கு மேலே சென்றால் 2.5 மீட்டரும், பக்கவாட்டில் சென்றால் 1.2 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் கம்பி கட்டடத்துக்கு மேலே சென்றால் 3.7 மீட்டர் இடைவெளி தேவை. இடைவெளி போதாதென்றால், செலவைச் செலுத்திக் கம்பியை மாற்றி அமைக்க விண்ணப்பிக்கலாம். அந்தப் பணி முடியும் வரை அந்தப் பக்கத்தில் சாரம் கட்டவோ நீளமான முறுக்குக் கம்பியை மேலே தூக்கவோ அனுமதிக்காதீர்கள். முருங்கையும் தேங்காயும் பறிக்க இரும்புத் தொரட்டியைப் பயன்படுத்துவதும் இதே வகை ஆபத்துதான்.

புயலுக்குப் பிந்தைய நாள்களில் ஊருக்கும் மின்வாரியத்துக்கும் உள்ள உறவு மிக நெருக்கமாகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து, இடுப்பளவுச் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஊரார் செய்யக்கூடியவை பல. விழுந்த மரங்களை அகற்றிப் பாதையைத் திறந்துவிடலாம். குடிநீர்த் தொட்டிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் முதலில் இணைப்பு கொடுக்கும்படி ஒருமித்துக் கேட்கலாம். ஆக்சிஜன் கருவியை நம்பியிருக்கும் நோயாளிகள் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை உதவிப் பொறியாளரிடம் கொடுக்கலாம். விழுந்த கம்பியை ஓரமாக இழுத்துப் போடுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

அந்நாள்களில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடும். அதை ஏதாவதொரு பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் எடுத்தால், அது மீட்டர் வழியாக வெளியேறி, மின்மாற்றியில் எதிர்த்திசையில் ஏறி, பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தின் மேலே வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாக்கும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டு இணைப்பையும் ஜெனரேட்டரையும் ஒருசேர இயங்கவிடாத மாற்றுச் சுவிட்சை, அதாவது சேஞ்ச் ஓவர் சுவிட்சை, மழைக்கு முன்பே பொருத்திவிட வேண்டும். அது இல்லாதவர்கள் விளக்கையும் செல்பேசியையும் தனி வயர் மூலம் நேரடியாக ஜெனரேட்டரிலிருந்தே இணைத்துக்கொண்டு, முதன்மைச் சுவிட்சை அணைத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும் தெருவில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டால், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அது எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.