இரண்டு தோட்டத்து எல்லை எப்போது பொதுத் தடமாகும்?

எங்கள் கொங்குப் பக்கம் இரண்டு தோட்டங்களுக்கு நடுவே போகும் எல்லை எல்லாமே தடம்தான், அதாவது பொது வழிதான் என்று பலர் நம்புகிறார்கள். பத்திரம் எழுதுவது என் தொழில். இந்த நம்பிக்கையோடு வருகிறவர்களிடம் முதலில் புலப்படத்தை, அதாவது நிலத்தை அளந்து வரைந்த அரசு வரைபடத்தைக் கேட்பேன். தாலுகா ஆபீஸில் எஃப்.எம்.பி. என்பார்கள். தமிழ்நாடு அரசின் பட்டா இணையதளத்தில் அதையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

புலப்படத்தில் இரண்டு சர்வே எண்களைப் பிரிப்பது ஒற்றைக் கோடு. அதற்கு அகலம் கிடையாது. அந்தக் கோடுவரை இந்தப்பக்கம் உங்களுடையது, அந்தப்பக்கம் அடுத்தவருடையது. நடுவே இருக்கும் வரப்பு காலங்காலமாக ஆட்கள் நடந்து தேய்ந்திருந்தாலும், ஆளுக்குப் பாதியாகப் பட்டா நிலத்தில்தான் கிடக்கிறது. தடத்துக்கென்று தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ இருந்து, அ-பதிவேட்டில் 'அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை' என்று இருந்தால் கதையே வேறு. அது ஏற்கெனவே பொது வழி. அதில் போய்வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பட்டா நிலத்துக்குள் புள்ளிக்கோடாக ஒரு தடம் காட்டியிருந்தால், அளந்த காலத்தில் அங்கே தடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் நிலம் பட்டாதாரருடையதுதான்.

இப்போதைய படத்தில் இல்லையே என்று உடனே கைவிட்டுவிடாதீர்கள். 1980களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பணிக்கு முந்தைய புலப்படத்தையும், செட்டில்மெண்ட் பதிவேடு என்னும் பழைய நிலப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு ஓடிய பழைய இட்டேரிகள் அதில் தெளிவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புறம்போக்குத் தடம் என்று உறுதியானால் வேலை சுலபம். எல்லையை அளந்து காட்டக் கேட்டு தாசில்தாருக்கு மனு கொடுங்கள். ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6ஆம் பிரிவில் அகற்றுவார்கள். வேலியை நீங்களே பிடுங்கப் போகாதீர்கள். நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும், வழக்கு உங்கள் மேல் வந்து நிற்கும்.

தடம் பட்டா நிலத்தில் இருந்தால்தான் சிக்கல். "எனக்கு வேற வழியே இல்லீங்க, சட்டப்படி கொடுத்துத்தானே ஆகணும்?" என்று கேட்காதவர் இல்லை. அப்படிப் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அவசியத்தால் வழி தருகிறது, உண்மைதான். ஆனால் உங்கள் நிலமும் அந்த நிலமும் ஒரு காலத்தில் ஒரே ஆளிடம் இருந்து, பாகப்பிரிவினையிலோ கிரயத்திலோ பிரிந்திருக்க வேண்டும். அதனால் தாய்ப்பத்திரம்வரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். வேறு வழி கிடைத்துவிட்டால் இந்த உரிமை முடிந்துபோகும் என்பதையும் 41ஆம் பிரிவு சொல்கிறது.

அடுத்தது, நீண்டகாலப் பயன்பாட்டால் உரிமை தரும் 15ஆம் பிரிவு. வெளிப்படையாக, சண்டையின்றி, தடையின்றி, உரிமை என்ற முறையில் 20 ஆண்டுகள் போய்வந்திருக்க வேண்டும். அரசு நிலத்தின் மேல் கோருவதென்றால் 30 ஆண்டுகள். அந்தப் பயன்பாடு வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள்வரை தொடர்ந்திருக்க வேண்டும். அதனால் அடைத்த பிறகு வருஷக்கணக்கில் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருப்பது ஆபத்து. 'உரிமை என்ற முறையில்' என்பதை நன்றாகக் கவனியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் சம்மதத்தில் போய்வந்தால் அது வெறும் அனுமதி. எத்தனை வருஷம் ஆனாலும் உரிமையாக மாறாது. "உங்கள் அனுமதியுடன் சென்று வருகிறேன்" என்று சமாதானத்துக்காகக் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பவர்களைப் பார்க்கையில் மனசு பதறுகிறது. அந்த ஒரு வரியே பிற்பாடு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும். அப்புறம், நடந்துபோன வழக்கத்தால் கிடைப்பது நடக்கும் உரிமை மட்டுமே. அதில் டிராக்டரையோ போர்வெல் லாரியையோ விட முடியாது.

திடீரென்று அடைத்து, கைகலப்பு ஆகும் நிலை வந்தால் கோட்டாட்சியரிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 166ஆம் பிரிவாக இருக்கிறது. வருஷம் முழுதும் பயன்படுத்தும் வழியென்றால், தகவல் அவருக்குக் கிடைப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அறுவடைக்கு மட்டும் போகும் தடமென்றால், கடைசியாகப் போன அந்தப் பருவத்தில் போயிருக்க வேண்டும். நிரந்தரத் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.

எல்லோரும் மனமொத்து எல்லையில் புதுத் தடம் விடுவது இருக்கிறதே, எனக்கு எழுதப் பிடித்த பத்திரம் அதுதான். நாலு தோட்டக்காரர்களுக்குள் மட்டும் என்றால் தடப் பாத்திய ஒப்பந்தம், அதாவது தடத்தில் போய்வரும் உரிமையை எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் போதும். ஆனால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஊருக்கே பொதுவாக, ஊராட்சி செலவில் ரோடு வர வேண்டுமென்றால் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். இரண்டு சாட்சிகள், பதிவு, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஊராட்சி ஏற்றுக்கொள்வது, மூன்றும் கட்டாயம். ஊராட்சியின் தீர்மான நகலைப் பத்திரத்தோடு சேர்த்துவையுங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். நிலத்தின் மேல் கடன் இருந்தால் அதை முதலில் பேசி முடியுங்கள்.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் "மாமூல் தடம்" (வழக்கமான தடம்) என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். எந்த சர்வே எண்ணில், எந்த எல்லையை ஒட்டி, கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, நடக்கவா, வண்டி வாகனம் போகவா, குழாயும் மின்கம்பியும் கொண்டுபோகலாமா என்று ஒவ்வொன்றாக எழுதி வரைபடம் சேருங்கள். ஆளுக்குப் பாதி அகலம் விடுவதாகப் பேசியிருந்தால் இரண்டு பக்கத்து அளவையும் தனித்தனியாகக் காட்டுங்கள். கதிரறுக்கும் வண்டி திரும்ப மூலைகளில் கூடுதல் இடம் விடச் சொல்லுங்கள்.

பதிவு முடிந்ததும் உட்பிரிவுக்கு மனு கொடுங்கள். பழைய பட்டாவில் அந்த அளவு அப்படியே இருந்தால் வாரிசுகள் அதையும் சேர்த்து விற்றுவிடுவார்கள்; வாங்கியவர் பட்டாவைக் காட்டி வேலி போடுவார். அளந்து கல் நட்டு, அ-பதிவேட்டில் ஊராட்சியின் பாதை என்று ஏறியதும் ஒரு அச்சுப்படி எடுத்துப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.